பெற்றோரும் வாசகரே: சிறுவர் புனைகதையும் பெரியோர் புனைகதையும்

முன்னுரை

தமிழில் சிறுவர் இலக்கியம் பற்றி எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் அதன் பயனைக் குறித்தே பேசுகின்றன. அறநெறி ஊட்டுதல், சொல்வளம் பெருக்குதல், பண்பாட்டுணர்வு வளர்த்தல் என அப்பயன்கள் வரிசைப்படுத்தப்படும். அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வரிசையில் இடம்பெறாத ஒருவர் உண்டு. குழந்தைக்குக் கதைநூலை வாங்கித் தருபவரும், அருகில் அமர்த்திப் படித்துக் காட்டுபவரும், குழந்தை உறங்கிவிட்ட பின்னர் எஞ்சிய பக்கங்களைத் தமக்காகப் படித்து முடிப்பவருமான பெற்றோரே அவர். அப்பக்கங்களை அவர் கடமைக்காகப் படிப்பதில்லை. கதை என்னவாயிற்று என்று அறியும் ஆவலால் படிக்கிறார். விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குச் சென்று புதுமைப்பித்தனையோ கி. ராஜநாராயணனையோ கையில் எடுப்பவரும் அவரே. ஒரே இரவில் இருவகைப் புனைகதைகளையும் துய்க்கும் இவ்வாசகரின் இன்பம் எத்தன்மையது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நாமும் அத்தகைய பெற்றோருள் ஒருவர். ஆதலின் இக்கட்டுரையில் எம் இல்லத்து நிகழ்ச்சிகள் சில இடம்பெறுவதைப் படிப்போர் பொறுத்தருள வேண்டும். இதனை எழுதத் தூண்டியதும் அவற்றுள் ஒன்றே. எம் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தபொழுது, விடுமுறையில் படிக்கட்டும் என்று ஒரு கதைநூலைக் கொடுத்திருந்தோம். முதற்கதையைப் படித்து முடித்தவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், மீண்டும் முன்பக்கத்திற்கு வந்தாள், பிறகு எம்மிடம் நூலை நீட்டி, "அம்மா, கேள்வி எங்கே?" என்றாள். கதை என்றால் அதன் கீழே கருத்துணர்தல் கேள்விகள் இருத்தல் வேண்டும் என்பது அவள் அறிந்த இலக்கணம். கேள்வி இல்லாத கதையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று நாம் நகைத்துவிட்டோம். ஆயினும் அக்கேள்வி எம்மை விட்டு அகலவில்லை.

பெரியோர்க்கென எழுந்து சிறுவர்க்கானவை

இன்று சிறுவர் கதைகள் என நாம் கருதுவனவற்றுள் பல சிறுவர்க்கென எழுதப்பட்டவை அல்ல. வீரமாமுனிவர் இயற்றிய 'பரமார்த்த குருவின் கதை' இதற்குத் தலையாய சான்று. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐந்து சீடரும், ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதும், தம்மைத் தாமே எண்ணும்போது எண்ணுபவன் தன்னை விட்டுவிடுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என நம்பி வாங்குவதும் இன்றைய மழலையர்க்கு நன்கு தெரிந்த செய்திகள். ஆயினும் அயல்நாட்டிலிருந்து வந்த சமயத் தொண்டர்கள் வழக்குத் தமிழைப் பயிலுவதற்கு உதவும் நூலாகவே அது தோன்றியது. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் பதிப்பித்தார். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையாக்கி 1826-இல் வெளியிட்ட பஞ்சதந்திரக் கதையும் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழ் கற்ற கும்பினி அலுவலர்க்குப் பாடநூலாய் அமைந்ததே. அதாவது, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத, வளர்ந்த ஆடவர்க்கு மொழி கற்பிக்க எழுந்த நூல்கள் பின்னர்ப் பாட்டிமார் வாய்க்கும் பேரக்குழந்தைகளின் செவிக்கும் உரியவாயின.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? அவை நல்ல கதைகளாய் இருந்தமையே காரணம் என்போம். பாடநூல் என்னும் போர்வை கழன்று விழுந்த பின்னரும் அவற்றில் சிரிப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தது. பரமார்த்த குருவைப் படிக்கும் சிறுவன் முட்டாள்தனத்தைக் கண்டு சிரிக்கிறான். உடன் படிக்கும் தந்தையோ தாம் பணிபுரியும் அலுவலகத்தில் இதே ஐவரையும் கண்டிருப்பதால் சிரிக்கிறார். சிரிப்பு ஒன்று, அதன் பொருள் இரண்டு. இரண்டும் ஒரே அறையில், ஒரே நொடியில் எழுகின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

மறுதலையாக, குழந்தையைப் பாடுபொருளாகக் கொண்டும் குழந்தைக்கென எழாத இலக்கியமும் நம்மிடம் உண்டு. பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களாகப் பகுக்கப்பெற்றுத் தாயின் நிலையிலிருந்து பாடப்படுவது. பெரியாழ்வார் யசோதையாகித் தாலாட்டியதை மூலமாகக் கொண்ட மரபு அது. குழந்தையின் தளர்நடையைக் கண்டு மகிழும் பெற்றோரின் இன்பத்தை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழியில், குழந்தையோடு சேர்ந்து கதை படிக்கும் பெற்றோரின் இன்பம் பற்றி ஆய்வாளர் அதிகம் பேசாமை வியப்பிற்குரியது.

ஒரே நூல், இரு வாசகர்

குடும்பம் முழுவதும் ஒரே புனைகதையைப் படித்த காலத்தின் சிறந்த அடையாளம் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு தொடராக வந்த அப்புதினம், அந்நாளில் சிறுவர்க்கா பெரியோர்க்கா என்னும் வினாவையே எழுப்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலும் ஓர் இதழைப் பலர் கைமாற்றிப் படித்த வழக்கம் இருந்தது. எம் தந்தையார் தம் அக்கையார் படிக்கக் கேட்டே வந்தியத்தேவனை அறிந்தவர். அட்டை கிழிந்த ஐந்து பாகங்கள் அவர் வழியாக எமக்கு வந்தன. எம் வழியாக இப்போது எம் மகளுக்கு வந்துள்ளன.

ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வீரனைப் பத்து வயதில் நாம் கண்டபோது, நாமே அக்குதிரையில் அமர்ந்திருந்தோம். சுரங்கப் பாதை எங்கே செல்கிறது, ஓலை பிடிபடுமா, பூங்குழலியின் படகு கரை சேருமா என்பன தவிர வேறெதுவும் எமக்கு வேண்டியிருக்கவில்லை. தஞ்சை அரண்மனையில் நோயுற்றுப் படுத்திருந்த சுந்தர சோழர் வரும் அதிகாரங்களை அன்று வேகமாகப் புரட்டிக் கடந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்மையில் மகளுக்காக அந்நூலை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியபோது நேர்ந்தது வேறு. அவள் குதிரையில் ஏறிக்கொண்டாள். நாம் நோயுற்ற தந்தையின் கட்டிலருகே நின்றுவிட்டோம். மைந்தர் இருவரும் தொலைவில் இருக்க, பழைய பிழையொன்றின் நினைவால் இரவில் அலறும் மன்னரை நாம் முதன்முறையாகக் கண்டோம். செம்பியன் மாதேவியின் துயரமும் அவ்வாறே. தான் வளர்த்த மகன் சிவத்தொண்டிலேயே நிற்க வேண்டும் என எண்ணிய தாய், அவன் அரியணைக்கு ஆசைப்படுவதைக் கண்டு அதனைத் தானே தடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறாள். சிறுவயதில் மதுராந்தகன் எமக்கு வெறும் கோழையாகத் தோன்றினான். ஒரு பிள்ளையைப் பெற்று வளர்க்கும் இந்நாளில், அவனை வளர்த்தவளின் முகமே கண்முன் நிற்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். முன்னர்ப் படித்தது குறைந்த வாசிப்பு, இப்போது படிப்பது நிறைந்த வாசிப்பு என்று கொள்ளலாமா? அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. வாய்விட்டுப் படிக்கையில், மகள் "மேலே படியுங்கள்" என அவசரப்படுத்தும் இடங்கள் கல்கி உண்மையிலேயே வேகமாக எழுதிய இடங்கள் என்பதையும், அவள் கொட்டாவி விடும் இடங்கள் சில அவர் வரலாற்றுச் செய்திகளைக் கொட்டிய இடங்கள் என்பதையும் கண்டோம். திறனாய்வு நூல்கள் பல படித்தும் எமக்குப் புலப்படாத கட்டமைப்பு, பக்கத்தில் படுத்திருந்த ஒரு சிறுமியின் மூச்சால் புலப்பட்டது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்தபின் அக்கதையின் சுருக்கத்தைப் பலரும் அறிந்துள்ளனர். சுருக்கத்தில் இம்மூச்சு கேட்பதில்லை.

எழுதியவர்களும் இவ்வெல்லையைப் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. சிறுவர்க்கு வாண்டுமாமாவாக விளங்கிய வி. கிருஷ்ணமூர்த்தி (1925-2014) பெரியோர்க்குக் கௌசிகன் என்னும் பெயரில் எழுதினார். 'கண்ணன்' சிறுவர் இதழின் ஆசிரியராய் இருந்த ஆர்வி பெரியோர்க்கான புதினங்களும் எழுதியவர். பெயரையும் இதழையும் மாற்றிக்கொண்டாலும் கதை சொல்லும் கை ஒன்றே. வாண்டுமாமாவை விரும்பிப் படித்த சிறுவன், வளர்ந்தபின் கௌசிகனிடம் அதே கையை அடையாளம் காணக்கூடும்.

பெரியோர் கதைகளில் சிறுவர்

பெற்றோரான பின்பு பெரியோர்க்கான புனைகதையும் மாறிவிடுகிறது. அதில் வரும் குழந்தைகள் திடீரெனக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றனர். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' இத்தொடர்பில் விரிவாக நோக்கத்தக்கது. 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றி, இந்நாட்டு எழுத்தாளர் பலருக்கு வழிகாட்டியவர் அவர் என்பதால் அவரை அயலவராக நாம் எண்ணுவதில்லை. அக்கதையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுதிக்கு 1970-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது, அவர் மறைவிற்குப் பின் வழங்கப்பட்டது.

இதழ் அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர், அயல்வீட்டுக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து தருகிறார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் உறக்கத்தைக் கலைத்து, அறையைக் கிளறி, புத்தகம் எங்கே என்று முற்றுகையிடும் அக்கூட்டத்தைப் படிக்கும் எந்தப் புத்தகப் பித்தருக்கும் மனம் நிறையும். குழந்தைகளை விளையாட்டுப் பொருளாகக் கருதாமல் தமக்கு நிகரான நண்பர்களாக நடத்துவதாக அவர் நம்புகிறார். கதை அந்நம்பிக்கையைத்தான் மெல்லத் தோண்டுகிறது. புத்தாண்டின்போது நாட்குறிப்பேடுகளை இரு குழந்தைகளுக்குக் கொடுத்த அவர், சாரங்கராஜன் என்னும் சிறுவனை நினைக்கவில்லை. அச்சிறுவன் அழவில்லை, சண்டையிடவில்லை. தன் வீட்டிற்கு அவரை அழைத்து உபசரித்து, தானே வாங்கி வைத்திருந்த ஒரு நாட்குறிப்பேட்டை எடுத்துப் பேனாவோடு அவரிடம் நீட்டி, அது அவர் தனக்குத் தந்த அன்பளிப்பு என எழுதித் தருமாறு கேட்கிறான்.

மாணவப் பருவத்தில் இதனைச் சிறுகதை வடிவத்தின் திறமான முடிவு என்று தேர்வுத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். இன்று அக்கதையை எம்மால் ஒரே அமர்வில் படிக்க இயலவில்லை. புத்தகங்களை நேசிப்பவர் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுப்பதில் தம் பெருந்தன்மையைக் கண்டு தாமே மகிழ்கிறார். கொடுக்கப்படாதவன் முகம் அவர் கண்ணில் படுவதில்லை. இக்குற்றம் எம்முடையதும்தான். எம் இளைய மகனுக்குக் கதைகளில் நாட்டமில்லை என முடிவு செய்து, ஈராண்டுகளாக அவனுக்குப் பொம்மைகளையே வாங்கி வந்தோம். அக்காளின் நூல்களில் படம் இருந்த பக்கங்களின் முனைகள் அவன் விரலால் மடிந்திருந்ததைப் பின்னரே கண்டோம்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' மற்றொரு வகையில் எமக்கு உதவிற்று. அதைத் தனியே படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, "எதற்குச் சிரிக்கிறீர்கள்?" என்று மகள் கேட்டாள். சென்னைத் தெருவில் கடவுள் வந்து நிற்பதையும், பிள்ளை அவரைக் காப்பி குடிக்க அழைத்துச் செல்வதையும், தம் சித்த வைத்திய இதழுக்கு அவரைச் சந்தா கட்ட வைப்பதையும் வாய்மொழியாகச் சொன்னோம். சந்தா விவகாரத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கதம் அவள் வயதிற்கு எட்டவில்லை. ஆனால் பிள்ளையின் சிறுமகள் வள்ளி, கடவுள் என்று அறியாமலே அவரோடு விளையாடும் பகுதிக்கு வந்ததும், "அவளுக்கு மட்டும் அவரிடம் ஒன்றும் வேண்டாம், இல்லையா?" என்றாள். அக்கதை பற்றி நாம் படித்த நீண்ட விளக்கங்கள் பலவற்றினும் அவ்வொரு வரி எமக்கு நிறைவளித்தது. பெரியோர் இலக்கியம் அனைத்தையும் குழந்தைகளிடம் கொட்டலாம் என்பது எம் கருத்தன்று. அதனைப் படித்து நாம் மகிழ்வதை அவர்கள் காணும்படி படிக்கலாம் என்பதே.

கதை முடிவில் கேள்வி

இந்நாடுகளில் இவ்வின்பத்திற்குத் தனியொரு முக்கியத்துவம் உண்டு. அண்டை நாடான சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010-இல் 3.3 விழுக்காடாக இருந்து, 2020-இல் 2.5 விழுக்காடாகக் குறைந்துள்ளனர். அதே காலத்தில் ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்துள்ளனர். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் நிலைமை வேறு எனினும், தொடக்கப்பள்ளியை முடித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலரின் தமிழ் வாசிப்பு அங்கேயே நின்றுவிடுவதை ஆசிரியர்கள் அறிவர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கதை என்றால் கேள்வி என்னும் பழக்கம் தேர்வோடு நீங்கிவிடவில்லை.

இதில் இழக்கப்படுவது என்ன என்பதைப் பெரியோர் புனைகதையைத் துய்த்த பெற்றோரே தெளிவாக அறிவர். எம் நூலடுக்கின் மேல்தட்டில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்' இருக்கிறது. 1942-43-இல் சப்பானியரால் சயாமிற்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் துயரைக் கூறும் புதினம் அது. எம் பாட்டனாரின் உடன்பிறந்தார் ஒருவர் அப்பாதை போடச் சென்று திரும்பாதவர். அந்நூலை மகளுக்கு இப்போது கொடுக்க இயலாது. இன்னும் ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அதுவரை அவள் தமிழில் கதை படிப்பதை விடாதிருந்தால்தான் அந்த மேல்தட்டிற்கு அவள் கை நீளும். இடையில் பரமார்த்த குருவும், அம்புலிமாமாவும், வந்தியத்தேவனும், வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து பெயர்த்த 'குட்டி இளவரசன்' போன்ற மொழிபெயர்ப்புகளும் படிக்கட்டுகளாக நிற்க வேண்டும். இவற்றுள் குட்டி இளவரசனைப் பற்றி ஒன்று கூறவேண்டும். செந்த் எக்சுபெரி அந்நூலை வளர்ந்த நண்பர் ஒருவருக்குக் காணிக்கையாக்கியதற்காகச் சிறுவரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்நண்பர் சிறுவனாய் இருந்த காலத்திற்கே அதனை உரிமையாக்குகிறார். எம் மகள் அக்காணிக்கையைப் படித்துவிட்டு, "இது உங்களுக்குத்தான்" என்று நூலை எம்மிடமே திருப்பிக் கொடுத்தாள். நாமும் பெற்றுக்கொண்டோம்.

இன்று இங்குக் கிடைக்கும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் பலவற்றை நாம் விரும்பிப் படிக்க இயலவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். தாள் வழவழப்பாய் உள்ளது. படங்கள் வண்ணமாய் உள்ளன. நீதி கடைசி வரியில் தடித்த எழுத்தில் உள்ளது. கதையில் வரும் சிறுவன் குப்பையைப் பொறுக்குகிறான், ஆசிரியர் பாராட்டுகிறார், அனைவரும் கைதட்டுகின்றனர். பெற்றோர் இரண்டாம் முறை எடுக்க விரும்பாத நூலைக் குழந்தை இரண்டாம் முறை கேட்பது அரிது. ஆதலால் நாம் நூல் வாங்கும்போது ஓர் எளிய அளவுகோலைக் கைக்கொள்கிறோம். கடையிலேயே நின்று மூன்று பக்கங்கள் படிப்போம். நான்காம் பக்கத்தை எமக்காகவே புரட்டினோமாயின் வாங்குவோம். பிரிக்பீல்ட்சுக் கடைக்காரர்கள் எம்மைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

கேள்வியே கூடாது என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. 1947 சூலையில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வெளிவந்த 'அம்புலிமாமா'வில், சங்கரின் ஓவியத்தோடு வந்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் ஒவ்வொன்றும் கேள்வியில்தான் முடிந்தன. ஆனால் அக்கேள்வி வேறு வகையினது. கதையில் வந்தவர் யார், எங்கே சென்றார் என்று வேதாளம் கேட்பதில்லை. மூவருள் எவருடைய செயல் சிறந்தது, யார் செய்தது பிழை என்று கேட்கிறது. விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடித்துச் சிதறும். சரியான விடையைக் கூறினாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரமேறிவிடும்; அதாவது இன்னொரு கதை கிடைக்கும். மன்னன் தோற்கத் தோற்கப் படிப்பவருக்கு ஊதியம். இவ்வமைப்பை நாம் சிறுவயதில் அச்சத்தோடு படித்தோம். இப்போது அதன் நுட்பத்தை எண்ணி வியந்து படிக்கிறோம்.

பழைய அம்புலிமாமா இதழ்கள் சிலவற்றைக் கட்டுத் தொகுதியாக எடுத்து, எம் மகளுக்கும் மகனுக்கும் இரவில் ஒரு கதை வீதம் படித்து வருகிறோம். விடை கூறும் பகுதிக்கு முன்னர் நூலை மூடிவிடுவது எம் வழக்கம். அண்மையில் ஓரிரவு, மன்னன் கூறிய விடையை மகள் ஏற்கவில்லை. நாமும் அவளும் வாதிட்டுக்கொண்டிருந்தோம். மகன் உறங்கிவிட்டான் என்று எண்ணியிருந்தோம். போர்வைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது: "இரண்டு பேரும் தப்பு. அடுத்ததைப் படியுங்கள்."